குத்தம் மூஞ்சியில இல்ல

"டேய், நான் செத்தா மாட்டறதுக்கு ஒரு போட்டா கெடயாதுடா எனக்கு."

அம்மா இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகணும் என்கிற மாதிரி சொன்னாள். எங்கள் ஒடுகத்தூர்ப் பக்கத்துச் சேரிகளில் இது புதுசான பேச்சும் இல்லை. வயசானவர்கள் கோடித்துணிக்குக் காசு முடிந்து வைப்பது மாதிரி, ஒரு படத்துக்கும் ஏற்பாடு பண்ணிவிட்டுப் போக நினைக்கிறார்கள். ஏற்பாடு பண்ணாமல் போனவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாடை கட்டுகிற நேரத்தில் ஒரு பையன் வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடுவான். 1993-இல் சேஷன் காலத்தில் வந்த அந்த அட்டைக்காகத்தான் நம் தாய்மார் பலபேர் வாழ்க்கையில் முதல்முதலாகக் கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் உட்கார்ந்து, "இங்க பாரு" என்று அதட்டியதும் மிரண்டு பார்த்த முகம் அது. அந்த மிரட்சியைத்தான் பெரிசு பண்ணுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பட்டுப்புடவையையும் நெக்லசையும் ஒட்டுகிறார்கள். முகத்தை வெளுக்க வைத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். மாலை போட்டு மாட்டியபிறகு பேரப்பிள்ளைகள் கேட்கின்றன: "இது யாரு?"

சாதாரணமாகத் தெரிகிற இந்த விசயத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு மனுசியின் முகப்படத்தைப் பார்த்து "இது சரியில்லை, இப்படிச் செஞ்சா நல்லா இருக்கும்" என்று சொல்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? 'நல்லா' என்றால் யாருக்கு நல்லா? படத்தின் குறை எங்கே முடிகிறது, முகத்தின் மேல் சுமத்தப்படும் குறை எங்கே தொடங்குகிறது? நான் அம்மாவை மூன்று தடவை படம் எடுத்தேன். மூன்று தடவையும் விமர்சனம் கிடைத்தது. அந்த மூன்று விமர்சனங்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

படம் கருப்பு வெள்ளையில்தான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. காரணம் கலை அல்ல. எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிற ஒரே படம் தாத்தாவுடையது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்கம் இறங்கப் போன ஆயிரக்கணக்கான பேரில் அவரும் ஒருத்தர். அங்கே ஒரு ஸ்டுடியோவில், இரவல் கோட்டு போட்டு, பூந்தொட்டி வைத்த முக்காலி மேல் கைவைத்து நின்று எடுத்த படம். "அதும் பக்கத்துல மாட்டணும், அதே மாதிரி எடு" என்றாள் அம்மா.

அந்தப் படத்தை நான் பலதடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் கை கருப்பாக இருக்கும். முகம் மட்டும் வெளுப்பாக இருக்கும். சின்ன வயசில் எனக்கு அது புரியவில்லை. பிறகு படம் கழுவக் கற்றுக்கொண்டபோதுதான் தெரிந்தது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அடர்த்தியாகும். அந்த இடத்தில் தாளுக்கு வெளிச்சம் குறைவாகப் போகும். பிரிண்டில் அது வெளுத்துத் தெரியும். தாத்தாவின் முகத்தில் ஒருத்தர் அரைமணி நேரமாவது உட்கார்ந்து பென்சில் ஓட்டியிருக்கிறார். கையை மறந்துவிட்டார். கோட்டு போட்டுக்கொண்ட தாத்தா தன் உடம்பைப் பற்றி ஒன்று சொன்னார். பென்சில் பிடித்தவர் வேறொன்று சொல்லிவிட்டார்.

*

முதல் படம் எங்கள் வீட்டு வாசலில் எடுத்தது. பின்னால் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்புச் சுவர். வெயில் நன்றாக இருந்தது. அம்மா குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடி எடுத்தேன். டிஜிட்டல் கேமரா. பிறகு கருப்பு வெள்ளையாக மாற்றி, பெரிசாகப் போட்டு எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். அங்கே படம் எடுக்கிற நண்பர்கள் சிலபேர் மாசத்துக்கு ஒருதரம் கூடி, ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் விமர்சிப்பது வழக்கம். நல்லவர்கள். கெட்ட எண்ணம் இல்லாதவர்கள். அதனால்தான் அவர்கள் சொன்னதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

"ஃபேஸ் இருட்டிப் போச்சு. அம்மா கொஞ்சம் டார்க் இல்லையா, பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு செட்டாகல. கலர்ல போட்டுப் பாருங்க. இல்லன்னா ஃபேஸ மட்டும் தூக்கி விடுங்க."

படத்தில் முகம் இருட்டாக இருந்தது என்பது உண்மை. கண் எங்கே, கன்னம் எங்கே என்று தெரியவில்லை. ஆனால் காரணம்? அம்மா கருப்பு என்பதா? நான் ஒரு வாரம் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பிறகு கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதை மறுபடி முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது மனுசியா, சுவரா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அது ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். தன் மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அட்டைதான் புகைப்படக்காரர்களின் பழைய அளவுகோல். சுண்ணாம்புச் சுவர் படத்தை நிறைத்திருந்தால், "அடேயப்பா, இவ்ளோ வெளிச்சமா" என்று கேமரா கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். சுவர் சாம்பலாகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் கருத்த முகம் இருட்டுக்குள் போய்விடும். சுவருக்குச் சரியாகப் பார்த்த கேமரா முகத்தைப் பார்க்கவே இல்லை. அளவை முகத்துக்கு எடுத்திருக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூடத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரை விட்டே தள்ளி வந்திருக்க வேண்டும். இது என் தப்பு. கேமராவை நம்பிய என் சோம்பேறித்தனம். அம்மா தோலின் தப்பு அல்ல.

இதே கேமரா இன்னொரு தப்பையும் செய்யும். கருத்த முகத்தை மட்டும் நெருக்கிப் படம் முழுக்க வைத்தால், "ஐயோ இருட்டு" என்று நினைத்து அளவுக்கு மேல் ஒளியை விட்டு, முகத்தைச் சாம்பல் பூசினாற்போல் ஆக்கிவிடும். ஆக, 'இன்னும் வெளிச்சம்' என்பது மட்டும் பதில் இல்லை. இந்த முகத்துக்கு எது சரி என்று முடிவெடுக்க வேண்டியது கேமராவைப் பிடித்திருக்கும் ஆள். அளவுகோல் யாருடைய அளவு என்று கேட்காதவரைக்கும் அந்த முடிவு எடுக்கப்படாது.

அளவுகோல் யாருடையது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1950-களிலிருந்து கோடாக் கம்பெனி கலர் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் மிசின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கம்பெனியில் வேலை செய்த முதல் மாடலின் பேரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றார்கள். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கருப்பர்களின் முகம் சரியாக வராதது அந்தக் கம்பெனியை அசைக்கவில்லை. சாக்லெட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் "எங்க சரக்கின் பழுப்பு நிற வித்தியாசம் விளம்பரத்தில் தெரியவில்லை" என்று புகார் சொன்னதுதான் பிலிமை மாற்றுவதற்கு ஒரு காரணமாக இருந்தது என்கிறார் அவர். மரத்துக்குக் கிடைத்த மரியாதை மனுசனுக்குக் கிடைக்கவில்லை. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது.

இது கலருக்கு. கருப்பு வெள்ளைக்கும் தனிக்கதை உண்டு. பழைய பிளேட்டுகளுக்கும் பிலிம்களுக்கும் சிவப்பு ஒளி தெரியாது. நம் தோலின் பழுப்பில் சிவப்பு அதிகம். அதனால் நம் முகங்கள் இருந்ததைவிட அட்டக்கரியாக வந்தன. எல்லா நிறமும் தெரிகிற பிலிம் பரவலானது 1920-களுக்குப் பிறகுதான். கருப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் படிகளாகப் பிரித்துக் கணக்குப்போடும் முறையை 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்தார்கள். அதிலும் 'சராசரித் தோல்' என்று ஆறாவது படியில் வைத்தது வெள்ளைக்காரத் தோலை. அதை அப்படியே நம்ம ஊரில் மனப்பாடம் பண்ணி அம்மாவை ஆறாவது படியில் ஏற்றினால், அவள் அம்மாவாக இருக்கமாட்டாள்.

ஆகவே வேலூர் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. "முகத்துக்கு வெளிச்சம் போதல" என்று சொல்லியிருந்தால் அது படத்தின் மேல் விமர்சனம். "அம்மா டார்க், அதனால செட்டாகல" என்றால் அது அம்மாவின் மேல் தீர்ப்பு. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் தூரம். முதல் வாக்கியம் என்னை அடுத்த படத்துக்கு அனுப்பும். இரண்டாவது வாக்கியம் அம்மாவைச் சட்டத்துக்கு வெளியே அனுப்பும்.

*

இரண்டாவது படத்தை ரொம்ப யோசித்து எடுத்தேன். வீட்டுக்குள், சின்ன ஜன்னல் பக்கத்தில், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். அம்மா அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. முகத்தின் பாதி இருட்டில். மீதிப் பாதியில் ஒவ்வொரு சுருக்கமும் உழவுசால் மாதிரி. கணினியில் கருப்பை இன்னும் கருப்பாக்கினேன், வெளிச்சத்தை இன்னும் கூர்மையாக்கினேன், கொஞ்சம் மணல்மணலாகவும் ஆக்கினேன்.

இந்தத் தடவை நம் தோழர்களிடம் காட்டினேன். எழுதுகிறவர்கள், களத்தில் இருக்கிறவர்கள். பாராட்டு மழை. "இதான் தலித் முகம்", "ரெண்டாயிரம் வருச வலி தெரியுது தோழர்", "அட்டைக்குப் போடலாம்". ஒரு தோழர் மட்டும் விமர்சனம் வைத்தார்: "மூக்குத்திய மறைச்சிருக்கலாம். அது உழைப்பின் கம்பீரத்தைக் கெடுக்குது."

படத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். சன்னலோரம் பிடித்து, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது, பட்டினி கெடக்கறவளாட்டம் கீறேன்? அன்னிக்கு ஞாயித்துக்கெழம. கறி ஆக்கித் தின்னுட்டுத்தான குந்திகினு இருந்தேன்."

நான் ஏதோ கலை, வெளிச்சம், நிழல் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் கீட்டும் நைனா. என் மூஞ்சில பாதிய எங்க வச்சிட்ட?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. முதல் படத்தில் முகம் காணாமல் போனது என் அறியாமையால். இரண்டாவது படத்தில் பாதி முகம் காணாமல் போனது என் அரசியலால். தோழர்கள் பாராட்டியது அம்மாவை அல்ல. அம்மாவின் மேல் நான் எழுதிய ஒரு துண்டறிக்கையை.

இதை நாம் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. 1990-களில் தலித் எழுத்து தமிழில் எழுந்து வந்தபோது மேட்டிமை விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? கலைத்தரம் இல்லை, கொச்சை, வெறும் கோபம். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோதும் பேச்சு வழக்கைத் தூக்கிப் பிடித்து எழுதியது பலருக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பதிலாக நாம் எதிர் அழகியல் பேசினோம். எது அசிங்கம் என்று ஒதுக்கினார்களோ அதையே முன்னால் வைத்தோம். அது தேவையாக இருந்தது. இன்றைக்கும் தேவை. ஆனால் எதிர் அழகியலும் ஒரு ஷெர்லி அட்டையாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. சுருக்கம் இருந்தால் நம் முகம், பவுடர் இருந்தால் நம் முகம் இல்லை. அழுதால் அசல், சிரித்தால் போலி. மூக்குத்தி போட்டால் வர்க்க உணர்வு குறைவு. இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு நம் தாய்மாரை அதற்குள் பொருத்திப் பார்க்கிறோம். பொருந்தாத பாதியை இருட்டில் விட்டுவிடுகிறோம்.

நம்மைப் படம் எடுத்தவர்கள் இதற்கு முன்னாலும் இப்படித்தான் செய்தார்கள். 1868-இலிருந்து 1875 வரைக்கும் வெள்ளைக்கார அரசு எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற படப்புத்தகம் போட்டது. மதராஸ் மியூசியத்தில் 1885-இலிருந்து கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளோடு ஜனங்களை அளந்து, ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதி வெளியிட்டார். அதில் படங்களும் உண்டு. படத்துக்குக் கீழே சாதியின் பேர் இருக்கும், ஆளின் பேர் இருக்காது. தென்னாப்பிரிக்காவில் கருப்பர்கள் சுமந்து திரிய வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் போலராய்டு கம்பெனியின் கேமரா பயன்படுகிறது என்று கண்டுபிடித்து, 1970-இல் அந்தக் கம்பெனிக்குள்ளேயே போராட்டம் தொடங்கியவர்கள் கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கருப்பினத் தொழிலாளர்கள். 1977-இல் கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேறியது. ஒரு முகப்படம் ஆளை அடையாளம் காட்டுவதற்கும் ஆளை அடக்கி வைப்பதற்கும் ஒருசேரப் பயன்படும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு மனிதரை நினைக்க வேண்டும். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகத் தடவை படம் எடுக்கப்பட்டவர் அவர்தான் என்கிறார்கள். 160-க்கு மேல் அவருடைய படங்கள் கிடைத்திருக்கின்றன. ஏன் அவ்வளவு? வெள்ளை ஓவியர்கள் கருப்பு முகத்தை வரைந்தால் தங்கள் மனசில் இருக்கும் கேலியைத்தான் வரைகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதனால் கேமரா முன்னால் தானே போய் உட்கார்ந்தார். கோட்டு போட்டு, தலைமுடி சீவி, கெஞ்சாத, இளிக்காத முகத்தோடு. அண்ணல் அம்பேத்கரின் கோட்டையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 'வெள்ளைக்காரன் உடுப்பு' என்று கேலி பேசியவர்களுக்குப் புரியாதது சேரியில் படிக்காத கிழவிக்குக்கூடப் புரிந்திருக்கிறது. தாத்தாவின் இரவல் கோட்டும் அதே கோட்டுத்தான். அதே அண்ணலின் முகத்தை நம்முடைய சுவரொட்டிகளிலும் காலண்டர்களிலும் ரோஸ் நிறத்தில் அச்சடித்துக்கொண்டிருப்பதும் நாம்தான்.

*

மூன்றாவது படத்துக்கு முன்னால் நான் கேமராவை எடுக்கவில்லை. இரண்டு படங்களையும் அம்மா முன்னால் வைத்து, "இதுல இன்னா குத்தம், சொல்லு" என்று கேட்டேன். நியாயமாக முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அம்மா எந்த வகுப்புக்கும் போகாதவள். ஆனால் அவள் சொன்ன விமர்சனத்தைவிட உருப்படியான விமர்சனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

"தலைக்கு எண்ண வச்சி சீவிக்கறேன். மூக்குத்தி தெரியணும். நான் ஒன்ன பாத்துகினு இருக்கணும், அடுப்ப பாத்துகினு இல்ல. எனக்கு நாற்காலி போடு." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "நீ நின்னுகினு எடுக்காத. நான் கீழ குந்திகினு, நீ மேல நின்னுகினு... கூலி குடுக்கற ஆளாட்டம் நிக்கிற."

இந்தக் கடைசி வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. புகைப்படப் பாடத்தில் இதற்குக் 'கேமரா உயரம்' என்று பேர். மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துத் தெரியும், கண்மட்டத்தில் எடுத்தால் சமமாகத் தெரியும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அம்மா அதைப் பாடமாகப் படிக்கவில்லை. நாற்பது வருசம் களத்துமேட்டில் தலையைத் தூக்கிப் பார்த்துக் கூலி வாங்கிய கழுத்தால் அவள் அதைப் படித்திருக்கிறாள். நாற்காலியும் அப்படித்தான். அவள் வேலை செய்த வீடுகளில் திண்ணையில்கூட உட்கார்ந்ததில்லை. தான் செத்தபிறகு சுவரில் தொங்கும்போதாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஓர் ஆசை மட்டும் அல்ல, ஒரு கணக்குத் தீர்ப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எடுத்தோம். அன்றைக்கு ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லைப் பக்கமிருந்து மலைசனங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சத்தம் வீடுவரைக்கும் கேட்டது. வெயிலில் இல்லாமல் வேப்பமர நிழலில், திறந்த வானத்தைப் பார்த்தமாதிரி நாற்காலியைப் போட்டேன். பின்னால் சுண்ணாம்புச் சுவருக்குப் பதில் பழைய கம்பளி. அக்கா மகள் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டாள். அதில் பட்ட வெளிச்சம் கண்ணுக்குக் கீழே இருந்த இருட்டைத் தூக்கிவிட்டது. நான் மண்ணில் உட்கார்ந்தேன். அளவை அம்மாவின் கன்னத்துக்கு எடுத்தேன். கருப்பு வெள்ளையாக மாற்றும்போது நீல நிறத்தை வைத்து மாற்றினால் முகம் அட்டக்கரியாகும், சிவப்பை வைத்து மாற்றினால் பழுப்புத் தோலுக்குள் இருக்கும் ஒளி மேலே வரும். அதை அளவோடு செய்தேன். கருப்பு என்பது ஒரு நிறம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நெற்றியில் ஒரு கருப்பு, கன்ன எலும்பில் மினுமினுக்கிற ஒரு கருப்பு, கழுத்து மடிப்பில் ஒரு கருப்பு, எண்ணெய் வைத்த தலைமுடியில் ஒரு கருப்பு.

இங்கே முடித்துவிட்டால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் நடந்தது அது அல்ல.

படத்தைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "நல்லாத்தான் கீது. கொஞ்சம் வெளுப்பா போட்டுடு."

இதுதான் இந்தக் கட்டுரையின் கடினமான இடம். படத்தில் இருக்கிற ஆளின் பேச்சே முதல் பேச்சு என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஆளே வெளுக்கச் சொன்னால்? தாத்தா முகத்தில் பென்சில் ஓட்டியவரை வைது எழுதினேனே, அவரிடமும் தாத்தா இப்படிக் கேட்டிருந்தால்? ஸ்டுடியோக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: "கேக்கறாங்க சார், நாங்க செய்யறோம்."

நான் கருப்பின் அழகைப் பற்றி அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். பெரியார் ஏன் கருப்புச் சட்டை போட்டார் என்பதுவரைக்கும் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒனக்கு வேலை கெடச்சிச்சி, நாலு எடத்துல பேசற. கருப்ப பத்தி நீ பேசலாம். என்ன பொண்ணு பாக்க வந்து, கருப்புன்னு சொல்லிட்டு எழுந்து போனவனுங்க மூணு பேரு. அப்ப நீ எங்க இருந்த?"

பதில் இல்லை. வெளுப்பின் மேல் அவளுக்கிருந்த ஆசை அவள் மடத்தனம் அல்ல. அது அவள்மேல் எறியப்பட்ட கல்லின் தழும்பு. தழும்பை வைத்துக்கொண்டிருப்பவளிடம் "தழும்பு தப்பு" என்று சொல்வது என்ன விமர்சனம்? அதே சமயம், கேட்டார்கள், செய்தேன் என்று கைகழுவுவதும் சரியாகப் படவில்லை. கல்லெறிந்தவனின் வேலையை நானே முடித்துக் கொடுப்பதாகிவிடும்.

கடைசியில் இரண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்று எடுத்தபடி. ஒன்று வெளுக்க வைத்து. ஏமாற்றாமல், அவள் கேட்டமாதிரியே அக்கறையாகச் செய்து, இரண்டையும் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்துவிட்டேன். எதுவும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் வெளுத்த படத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இதுல மூக்குத்தி தெரியல."

உண்மைதான். முகம் வெளுத்ததும் கல் மூக்குத்தியின் மினுக்கு முகத்தோடு கரைந்துபோயிருந்தது. கருத்த மூக்கின் மேல்தான் அது நட்சத்திரம் மாதிரி நின்றது. மற்ற படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா சாயல் கீது" என்றாள். அவளுடைய அம்மாவுக்கு, என் ஆயாவுக்கு, ஒரு படமும் கிடையாது. வாக்காளர் அட்டைக்கு முன்னாலேயே செத்துப்போனவள்.

என் வாதம் ஜெயித்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கருப்பின் அரசியலைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூக்குத்தியையும் அம்மாவையும் தேர்ந்தெடுத்தாள். வெளுத்ததையே எடுத்திருந்தால் அதைத்தான் மாட்டியிருப்பேன். மாட்டிவிட்டு மற்றதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பேன். விமர்சகனுக்கு இருக்கிற கடமை இரண்டையும் ஒழுங்காகச் செய்து முன்னால் வைப்பதோடு நிற்கிறது. எடுப்பது முகத்துக்குச் சொந்தக்காரர்.

*

இன்றைக்கு எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமைக் காசுக்கு அஞ்சி அஞ்சி ஓட்டிய காலம் போய்விட்டது. அந்த ஆலையின் உற்பத்தியும் நின்றுபோனது. ஆனால் தாத்தா முகத்தில் ஓடிய பென்சில் சாகவில்லை. அது போனுக்குள் 'பியூட்டி' என்ற பேரில் குடியேறி, கேட்காமலேயே நம் பிள்ளைகளின் முகத்தை வெளுத்துக்கொண்டிருக்கிறது. கருத்த தோலைச் சரியாகக் காட்டப்போகிறோம் என்று கூகுள் கம்பெனி தன் போனுக்கு 'ரியல் டோன்' என்று ஒன்றை அறிவித்ததே 2021-இல்தான்.

நம்மிடையே இருந்து எடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த மதுரை பழனிக்குமார், மீன் விற்கும் தன் தாயையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் தொடர்ந்து படம் எடுத்துவருகிறார். இனி நம் படங்களை நாமே விமர்சிக்கும் காலம். அதனால்தான் விமர்சனத்தின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இளம் தோழர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். ஒரு முகப்படத்தைக் குறை சொல்லும்போது வெளிச்சத்தைச் சொல்லுங்கள், கேமரா நின்ற உயரத்தைச் சொல்லுங்கள், பின்னால் இருக்கும் சுவரைச் சொல்லுங்கள். எடுத்தவர் அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். முகத்தைச் சொல்லாதீர்கள். பாராட்டும்போதும் அப்படித்தான். "எவ்வளவு வலி" என்று சொல்வதற்கு முன்னால், அன்றைக்கு அந்த மனுசி கறி தின்றாளா என்று விசாரியுங்கள். படத்தை முதலில் படத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். அவர் சொல்வது பிடிக்காமல் போகலாம். அப்போதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்தபிறகு மாட்டுவதற்கு எடுத்த படத்தை அம்மா இப்போதே மாட்டச் சொல்லிவிட்டாள். கீழே அவள் பேரை எழுதியிருக்கிறேன். சாதிப் பேர் இல்லை, இன்னாருடைய மனைவி என்றும் இல்லை. வருகிறவர்கள் "இன்னா எம்மா, உசிரோட இருக்கும்போதே மாட்டிகினு கீற" என்று கேட்டால், "மால போடல இல்ல, அப்புறம் இன்னா" என்கிறாள். பக்கத்தில் தாத்தா, கருத்த கையோடும் வெளுத்த முகத்தோடும் நிற்கிறார். அவரைச் சரிபண்ண நான் போகவில்லை. யாரோ ஒருத்தர் பென்சில் பிடித்திருந்தார் என்பதற்கு அந்தக் கை சாட்சியாக இருக்கட்டும்.